அரைக் கிலோ மரியாதை

வி.ஆர். ஹெட்செட் செய்யும் நிறுவனத்தாரே, மலேசியாவின் கலும்பாங்கிலிருந்து உங்களைப் பாராட்டுகிறேன். ஆழ்கடலையும் விண்வெளியையும் கண்ணெதிரே கொண்டுவந்து காட்டுகிறீர்கள். பதிலுக்கு எங்கள் கழுத்தை மட்டும்தான் கேட்கிறீர்கள்.

இந்தத் துறையின் முன்னோடி ஐவன் சதர்லேண்டுக்கு உங்கள் துணிச்சல் கிடையாது. 1968இல் ஹார்வர்டில் அவர் செய்த கருவியைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். மனிதக் கழுத்தின் மேல் அவரைவிட உங்களுக்கு நம்பிக்கை அதிகம்.

எங்கள் ஊர்க்காரர்களும் அவரைப் போலப் பயந்தவர்கள்தாம். கலும்பாங், கெர்லிங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பால் வெட்டப் போனவர்கள் நெற்றியில் விளக்கை மட்டும் கட்டினார்கள். பேட்டரியை இடுப்பில் மாட்டினார்கள். மரத்துக்கு மரம் குனிந்து நிமிர வேண்டிய வேலை. பளு நெற்றியில் இருந்தால் கழுத்து விட்டுப்போகும். வெட்டி எடுத்த பாலையும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி வாளியாகத் தொங்கவிட்டுத்தான் தோளில் ஏற்றினார்கள். ஒரே பக்கம் பாரத்தை வைக்கத் தெரியாத மனிதர்கள்! அவர்களுக்கு இயற்பியல் பாடம் யாரும் நடத்தவில்லை.

நீங்கள் படித்தவர்கள். லென்ஸ், திரை, சில்லு, பேட்டரி என்று எல்லாவற்றையும் மூக்குக்கு முன்னால் அடுக்கும் தைரியம் உங்களுக்குத்தான் வரும். மெட்டா குவெஸ்ட் 3இன் எடை 515 கிராம். முன்னால் இழுக்கும் அந்தப் பளுவைப் பின்கழுத்துத் தசைகள் ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். நழுவாமலிருக்க வாரை இறுக்கினால், அந்த இறுக்கம் கன்னத்தெலும்பில் அழுந்தும். கழற்றிய பிறகும் கண்ணைச் சுற்றி வட்டமாக ஒரு தடம் நிற்கும். வாங்கியவர் முகத்திலேயே முத்திரை பதித்து அனுப்பும் பாசம் வேறு எந்தத் தொழிலில் உண்டு?

இடையில் சோனி ஒரு துரோகம் செய்தது. 2016இல் வந்த அதன் பிளேஸ்டேஷன் வி.ஆர். 610 கிராம். ஆனால் நெற்றியையும் பின்மண்டையையும் சுற்றிய வளையம் பளுவைத் தாங்கியது; திரை முகத்தின் முன் சும்மா தொங்கியது; கன்னம் தப்பித்தது. எடை கூடினாலும் சுகமாக இருக்கலாம் என்று அது காட்டிக்கொடுத்துவிட்டது. நீங்களோ அதைப் பெருந்தன்மையோடு மறந்து, துணிவாரிலேயே உறுதியாக நின்றீர்கள். அதையும் பெட்டியோடு இலவசமாகத் தருகிறீர்கள். பின்னால் திருகி இறுக்கும் நல்ல பட்டை வேண்டுமென்றால் தனியாக வாங்க வேண்டும். வலியை விலைக்குள் அடக்கி, நிவாரணத்தை மட்டும் தனிச்சரக்காக வைத்த வணிக நேர்மையை எப்படிப் புகழ்வது?

தோலின் மேலும் உங்களுக்கு அக்கறை உண்டு. குவெஸ்ட் 2இன் முகப் பஞ்சு அரிப்பு தந்ததாக 5,000க்கு மேற்பட்ட புகார்கள் சேர்ந்த பிறகு, 2021 ஜூலையில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் பஞ்சுகளுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு வந்தது. சிலிக்கோன் உறை இலவசமாக வந்தது. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் பஞ்சு எவ்வளவு வியர்வை குடிக்கும் என்று முன்னதாகவே கேட்டு எங்களைத் தொந்தரவு செய்யாதது உங்கள் நாகரிகம். அதே கருவியில் இரு கண்களுக்கு இடையிலுள்ள தூரத்துக்கு மூன்றே நிலைகள் வைத்தீர்கள்: 58, 63, 68 மில்லிமீட்டர். உலகத்தின் எல்லா முகங்களும் அதற்குள் அடங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆப்பிளை விட்டுவிட்டால் பாவம். 2024இல் 3,499 டாலருக்கு வந்த விஷன் புரோ, தோட்டத்து வழக்கப்படி பேட்டரியைத் தலையிலிருந்து இறக்கிவிட்டது. இறக்கிய பிறகும் தலையில் 600 கிராமுக்கு மேல். 2025இல் வந்த அடுத்த பதிப்பில் சமநிலைக்காகப் பின்பட்டையில் டங்ஸ்டன் கோத்தார்கள். எடை 750 கிராமைத் தாண்டியது. காண்டாவின் இரண்டாவது வாளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். முதல் வாளியைக் குறைக்கும் அவசரம்தான் அவர்களுக்கு இல்லை.

மீதி வேலையை எங்கள் பிள்ளைகளுக்கு விட்டுவைத்தீர்களே, அதற்குத்தான் பெரிய நன்றி. பின்வாரை மண்டையின் புடைப்புக்குக் கீழே இறக்க வேண்டும், உச்சிவாரைச் சரிசெய்து பளுவை அதில் ஏற்ற வேண்டும், அதன் பிறகே பக்கவார்களைத் தளர்த்த வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். பவர்பேங்கைப் பின்பட்டையில் ஒட்டி எடையைச் சமன் செய்கிறார்கள். வியர்வைக்குப் பருத்தித் துணி வெட்டி வைக்கிறார்கள். உங்கள் வடிவமைப்பாளர்கள் முடிக்காமல் விட்டதை முடித்துத் தரும் இவர்களுக்குச் சம்பளமும் இல்லை, காப்புரிமையும் இல்லை. கருவிக்குக் காசு கொடுத்தவர்களும் இவர்களே. அந்தக் காலத்துத் தோட்டத் துரைமாருக்கு இவ்வளவு சாமர்த்தியம் வரவில்லை. வேலை வாங்கினால் கூலி கொடுக்க வேண்டும் என்றே அவர்கள் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.