குழுவா, கும்பலா?

கே: நாலு மாணவர்களை வட்டமாக உட்கார வைத்தால் குழுவழிக் கற்றல் ஆகிவிடுமா?

ப: ஆகிவிடும் என்றால் டீக்கடை பெஞ்சுக்கும் பட்டம் கொடுக்க வேண்டியதுதான். 1970களின் இறுதியில் அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் மேலாண்மை கற்பித்த லாரி மைக்கேல்சனின் வகுப்பு 40 பேரிலிருந்து 120 பேராகப் பெருத்தது. மேடைப் பேச்சாளராக மாறப் பிடிக்காமல் அவர் உருவாக்கிய முறைதான் குழுவழிக் கற்றல்.

கே: வகுப்பு எப்படித் தொடங்கும்?

ப: பரீட்சையோடு! பாடத்தை வீட்டிலேயே படித்துவிட்டு வர வேண்டும். வந்ததும் தனித்தனியே ஒரு சின்னத் தேர்வு. தாளைக் கொடுத்த கையோடு, அதே கேள்விகளுக்கு 5 முதல் 7 பேர் கொண்ட குழு கூடிப் பேசி விடை தேடும். பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்துக் குட்டு வாங்கியவர்கள் இந்தக் காலத்தில் பிறந்திருக்கலாம்.

குழுவுக்கு ஒரு சுரண்டல் அட்டை உண்டு. சரியான கட்டத்தைச் சுரண்டினால் நட்சத்திரம் தெரியும். தெரியாவிட்டால் மறுபடி விவாதம், மறுபடி சுரண்டல், கூடவே மதிப்பெண் வெட்டு. தாங்கள் சொன்னதே சரி என்று குழு நினைத்தால் பாடநூல் ஆதாரத்தோடு எழுத்தில் மேல்முறையீடு செய்யலாம். வாத்தியாரை எதிர்த்துப் பேசியும் மார்க் கிடைக்கும் அதிசயம்!

பிறகு, பிடிபடாத இடங்களை மட்டும் ஆசிரியர் விளக்குவார். மிச்ச நேரம் முழுக்க ஒரு நடைமுறைச் சிக்கல். எல்லாக் குழுக்களுக்கும் அதுவேதான். முடிவை எல்லாரும் ஒரே நேரத்தில் அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அடுத்த குழுவைப் பார்த்துக் கட்சி மாற வழியில்லை.

கே: ஒருத்தர் உழைக்க, ஐந்து பேர் பெயர் போட்டுக்கொள்வார்களே?

ப: நியாயமான பயம். கயிறு இழுக்கும்போது ஆள் கூடக்கூட ஒவ்வொருவரின் இழுப்பும் குறைகிறது என்று பிரான்ஸின் மாக்ஸ் ரிங்கல்மன் 1913இலேயே எழுதிவிட்டார். அதனால்தான் தனித்தேர்வு மதிப்பெண்ணும் கணக்கில் சேர்கிறது. குழுவினரும் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடுகிறார்கள். வாத்தியாரை ஏமாற்றலாம், பக்கத்து நாற்காலியை ஏமாற்ற முடியாது.

கே: என் மகள்தான் வகுப்பில் முதல். மக்குகளோடு சேர்ந்தால் அவள் மார்க் குறையாதா?

ப: மைக்கேல்சனும் கூட்டாளிகளும் 222 குழுக்களை ஆராய்ந்து 1989இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 97 சதவீதக் குழுக்கள், தங்களிடமிருந்த மிகச் சிறந்த மாணவரைவிட அதிக மதிப்பெண் எடுத்திருந்தன. அந்த 'மக்கு'களுக்கு மகள் நன்றி சொல்ல வேண்டிவரும்.

கே: நண்பர்களே சேர்ந்து குழு அமைக்கலாமா?

ப: கூடாது. ஆசிரியர்தான் பிரிக்க வேண்டும். பருவம் முழுக்க மாற்றவும் கூடாது.

கே: நம் பக்கம் யாராவது செய்கிறார்களா?

ப: சிங்கப்பூரில் டியூக்-என்யூஎஸ் மருத்துவக் கல்லூரி, 2007இல் சேர்ந்த முதல் அணியிலிருந்தே இப்படித்தான் கற்பிக்கிறது.

கே: ஆசிரியருக்கு வேலை மிச்சம்தானே?

ப: வகுப்பில் தொண்டைக்கு ஓய்வு. வீட்டில் நல்ல கேள்வி தயாரிக்க ராத்தூக்கம் போகும். முதலில் ஒரே ஒரு பாடத்தில் முயன்று பாருங்கள்.