கோழி போட்ட வரி

கேள்வி: அமெரிக்கா என்றாலே மலை போன்ற பிக்கப் வண்டிகள்தானே? ஃபோர்டு கம்பெனி சின்னதாக ஒன்றாவது செய்ததுண்டா?

பதில்: பேஷாகச் செய்தது. முதலில் இரவல் வாங்கித்தான்! 1972-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஃபோர்டு கூரியர், ஜப்பானின் மஸ்தா தயாரித்த வண்டி. குறுக்கே நின்றது ஒரு கோழி. அமெரிக்கக் கோழி இறைச்சிமீது ஐரோப்பிய நாடுகள் வரியை ஏற்ற, பதிலடியாக 1963 டிசம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் வெளிநாட்டுச் சரக்கு வண்டிகளுக்கு 25 சதவீத வரி போட்டார். கோழிச் சண்டை ஓய்ந்தது, வரி ஓயவில்லை. அதனால் கூரியர், சாமான் ஏற்றும் பின்பகுதி இல்லாமலே கப்பலேறியது. அரைகுறை வண்டிக்கு வரி சொற்பம். கரை இறங்கிய பிறகு பின்பகுதியைப் பூட்டினார்கள். என்ன சாமர்த்தியம்! 1980-இல் அரசாங்கம் அந்த ஓட்டையையும் அடைத்தது.

அப்புறம் வந்தது சொந்தச் சரக்கான ரேஞ்சர், 1983 மாடல். தச்சர், தோட்டக்காரர், கல்லூரி மாணவர் என்று எல்லோருக்கும் கைக்கு அடக்கமான வண்டி. 2011 டிசம்பரில் மினசோட்டாவின் செயின்ட் பால் ஆலையோடு அதற்கும் அமெரிக்காவில் பூட்டுப் போட்டார்கள். பெரிய தவறு என்பேன். 2019-இல் அதே பெயரில் திரும்பியது வளர்ந்துவிட்ட வேறு வண்டி. சின்ன வண்டிக்கு ஆள் இல்லை என்ற வாதத்தை 2022 மாடல் மேவரிக் உடைத்தது: ஹைப்ரிட் எஞ்சின், ஆரம்ப விலை 20,000 டாலருக்குள். குவிந்த ஆர்டர்களைச் சமாளிக்க முடியாமல் 2022 ஜனவரியிலேயே ஹைப்ரிட் முன்பதிவை ஃபோர்டு நிறுத்திவைத்தது.