தகுதியுள்ள அடிமை
அமெரிக்காவில், போதைப் பழக்கத்தால் குழந்தையை அரசின் பொறுப்பில் விட நேர்ந்த பெற்றோருக்குச் சிகிச்சையும் கண்காணிப்பும் சேர்த்து வழங்கும் குடும்பச் சிகிச்சை நீதிமன்றங்கள் 1990களில் நெவாடாவின் ரீனோ நகரில் தொடங்கின. ஆள் தேர்வில் அவை காட்டும் நுட்பம் பாராட்டத்தக்கது. விண்ணப்பிப்பவர் போதைக்கு அடிமை என்று சான்று பெறுமளவு நிலைகுலைந்திருக்க வேண்டும். ஆனால் காலைதோறும் தொலைபேசியில் அழைத்து, தமக்கு ஒதுக்கிய நிறம் அன்று அறிவிக்கப்பட்டால் சிறுநீர்ப் பரிசோதனைக்கு நேரம் தவறாமல் போய் நிற்குமளவு ஒழுங்கும் வேண்டும். பல இடங்களில் வன்முறை வழக்கோ கடும் மனநோயோ இருப்பவருக்கு இடமில்லை. நோய் முற்றியவரைச் சேர்க்காத மருத்துவமனையில் குணமடைவோர் பெருகுவதில் வியப்பென்ன? இத்தகுதிகளுக்கு ஏறக்குறைய முழுமையாகப் பொருந்துபவர் நீதிபதி ஒருவரே. அவருக்கும் அடிமைச் சான்று மட்டும் குறைகிறது. மற்றவர்கள் நிதானமாகக் காத்திருக்கலாம். 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தை கடைசி 22 மாதங்களில் 15 மாதம் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்துவிட்டால், சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோர் உரிமையை ரத்துசெய்ய மாநில அரசே மனுப்போடும்.