குள்ள மலைப்பாம்பு எத்தனை அடி?

கேள்வி: குள்ள ஜாதி என்று விற்கப்படும் வலைக்கோல மலைப்பாம்பு, கூண்டில் வளர்ந்தால் எவ்வளவு நீளமாகும்?

பதில்: ஏழடி அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றால் ஆறடித் தம்பியும் குள்ளன்தான். 2011-இல் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் அளந்தபோது 7.67 மீட்டர் நீளமிருந்த மெடூசா என்னும் பெண் பாம்பு பிறந்த வம்சத்தில், இந்தோனேசியாவின் சுலவேசிக்குத் தெற்கேயுள்ள ஜம்பேயா, கலாவோதோவா முதலிய சிறு தீவுகளில் தலைமுறை தலைமுறையாக ஒதுங்கி வாழ்ந்து, சரீரம் சிறுத்துப்போன கிளைகளையே குள்ளம் என்கிறார்கள். ஜம்பேயாப் பாம்பை 2002-இல் தனி உபஜாதியாகவே வகுத்தார்கள். கூண்டில் அதன் ஆண் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு அடி. பெண்ணோ பத்தடியைச் சாதாரணமாக எட்டும். கலாவோதோவாப் பாம்பு இன்னும் சிறியது.

பிறவி பாதி, ஆகாரம் பாதி. உடலின் பருத்த பாகத்தைவிடத் தடிமனில்லாத எலியொன்றை, முன்னுண்டது நன்றாக ஜீரணித்த பின்னரே இடுக்கியால் நீட்டுபவரின் பாம்பு ஒல்லியாக, ஆரோக்கியமாக இருக்கும். வாரந்தவறாமல் பெரிய எலிகளைத் திணிப்பவரின் பாம்போ சொன்ன அளவைத் தாண்டிவிடும். பெருநில ஜாதியோடு கலந்த குட்டியையும் குள்ளமென்றே விற்பதுண்டு. அது பன்னிரண்டு அடியைக் கடந்தாலும் வியப்பில்லை. ஆகையால் விலை பேசுமுன் தாய், தந்தை இரண்டையும் நேரில் பார்த்துவிடுங்கள்.