பொருள்: புடவையும் அதன்மேல் ஓவர்கோட்டும் – தொடர்பாக

அனுப்புநர்: ஒன்றாம் வகுப்பு ‘இ’ பிரிவு மிஸ். (பெயர் போட்டால் அடுத்த மாத வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்காது.)

பெறுநர்: உயர்திரு தாளாளர் அவர்கள் மற்றும் ஆடை ஒழுங்குக் குழுவினர், நகரின் முன்னணித் தனியார் பள்ளி.

பார்வை: ஜூன் மாதச் சுற்றறிக்கை, மூன்று பக்கங்கள்.

ஐயா,

சுற்றறிக்கை கிடைத்தது. படித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஆசிரியைகள் புடவைதான் கட்ட வேண்டும், முந்தானையை மடித்துப் பின் குத்த வேண்டும், அதற்கு மேல் பள்ளி முத்திரை போட்ட ஓவர்கோட் அணிய வேண்டும், திங்கட்கிழமை சீருடைப் புடவை, கூந்தல் விரிந்திருக்கக் கூடாது, கொலுசு ஒலிக்கக் கூடாது. இப்படி எங்களுக்கே இரண்டே முக்கால் பக்கம். மிச்சமிருந்த கால் பக்கத்தில் ஆண் ஆசிரியர்களுக்கு ஒரு வரி: ‘ஃபார்மல் பேன்ட், சட்டை, இன் செய்யவும்.’ அவர்கள் படித்து முடித்து டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது நாங்கள் கொண்டை ஊசியின் நிறம் பற்றிய பத்தியில்தான் இருந்தோம்.

குழுவின் அமைப்பை நினைத்தால் மெய்சிலிர்க்கிறது. தாங்கள், தங்கள் துணைவியார், தங்கள் மருமகன், பெற்றோர் பிரதிநிதியாக ஒரு ஜவுளிக்கடை முதலாளி. நால்வரில் ஒருவர்கூட வகுப்பெடுத்துப் பொழுதை வீணாக்கியவர் அல்லர். சீருடைப் புடவையை அந்த முதலாளியின் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டால் எங்கள் அலைச்சல் மிச்சம். விலையைச் சம்பளத்தில் மூன்று தவணையாகப் பிடிக்கிறீர்கள். ஒரே தவணையில் பிடித்தால் அந்த மாதம் சம்பளமே மிஞ்சாது என்பதைக் குழு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறது. கணக்கு நன்றாக வருகிறது.

இனி என் வகுப்பு. எல்லாம் ஆறு வயது. பென்சில் பெஞ்சுக்கு அடியில் உருண்டால் எடுக்கக் குனிய வேண்டும். ஒருவனுக்கு ஷூ லேஸ் கட்ட மண்டியிட வேண்டும். இன்னொருத்தி வாந்தி எடுத்தால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஓடும்போது கொசுவம் கால்பெருவிரலில் சிக்கும். போர்டின் மேல் வரியில் எழுதக் கையைத் தூக்கினால் கோட்டின் தோள் இழுக்கும், இறக்கினால் சாக்பீஸ் தூள் அதில் படியும். விளையாட்டுப் பாட்டு சொல்லித் தரும்போது தவளை மாதிரி குதித்துக் காட்ட வேண்டும் என்று தங்கள் பாடத்திட்டக் கையேடே சொல்கிறது. ஐந்தரை மீட்டர் துணியும் கோட்டும் போட்ட தவளையைப் பிள்ளைகள் ரசித்துத்தான் பார்க்கிறார்கள். வேலூரிலும் திருச்சியிலும் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் நாட்களில் அந்தக் கோட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை எழுத நாகரிகம் இடம் தரவில்லை. குழு கூடிய அறையில் ஏசி இருந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

புடவைமேல் எனக்குப் பகையில்லை. கஞ்சி போட்ட காட்டன் புடவையை ஆசையாகக் கட்டுகிறவள்தான் நான். கட்டுகிற நாளை நான் முடிவு செய்துகொள்கிறேனே என்பதுதான் கோரிக்கை.

உடையில் கண் வைத்த முதல் நிர்வாகம் நம்முடையது அல்ல என்பதும் தெரியும். 2023-ல் அசாம் அரசு ஆசிரியர்களுக்கு டி-சர்ட், ஜீன்ஸ், லெகின்ஸ் கூடாது என்றது. 2024-ல் மகாராஷ்டிர அரசும் ஜீன்ஸ், டி-சர்ட்டைத் தள்ளி வைத்தது. கூடவே, டாக்டர்கள் போட்டுக்கொள்வதைப் போல ஆசிரியர்களும் பெயருக்கு முன்னால் ‘டிஆர்’ என்று போட்டுக்கொள்ளலாம் என்றது. சம்பளத்தைத் தொடாமல் மரியாதையைக் கூட்டும் இந்த வழி குழுவின் கண்ணில் எப்படிப் படாமல் போயிற்று? அதே சமயம் பக்கத்தில் கேரளம், ஆசிரியைகள் புடவைதான் கட்ட வேண்டும் என்று கல்வி நிறுவனங்கள் கட்டாயப்படுத்தக் கூடாது என 2021-ல் தெளிவாகச் சொன்னது. நம் தமிழக அரசும் 2019-ல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வெளியிட்ட ஆடை ஆணையில் புடவையோடு சல்வார் கமீஸையும் துப்பட்டா போட்ட சுடிதாரையும் சேர்த்தது. கோட்டையில் கோப்பு பார்க்கப் போதுமான கண்ணியம் உள்ள சுடிதார், ‘அ’னா ‘ஆ’வன்னாவுக்கு முன்னால் மட்டும் கண்ணியம் இழப்பது எப்படி என்று விளக்கினால் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்பேன்.

அந்த ஆணை ஆண்களுக்கு வேட்டியையும் அனுமதிக்கிறது. 2014-ல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை என்பதற்காகச் சட்டமன்றம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. நம் பள்ளியில் தமிழையா பொங்கல் விழா அன்று வேட்டி கட்டாவிட்டால் மெமோ, மற்ற நாளில் கட்டினால் மெமோ. பண்பாட்டுக்கு நாம் ஒதுக்கியிருப்பது ஒரு நாள், அதுவும் போட்டோகிராபர் வரும் நாள்.

சுற்றறிக்கையில் சொல்லப்பட்ட காரணம், ‘மாணவர்களின் கவனம் சிதறும்.’ என் வகுப்பின் கவனத்தைச் சிதறடிக்கச் சுவரில் ஒரு பல்லி போதும். அதற்கு ஓவர்கோட் மாட்ட வழியில்லை. குழுவின் கவலை மேல்வகுப்புப் பையன்களைப் பற்றியது என்பது எங்களுக்குப் புரிகிறது. போர்டில் எழுதும் ஆசிரியையைச் செல்போனில் படம் பிடிக்கும் பையன் ஒருவன் இருந்தால் அவனைக் கூப்பிட்டுப் பேச வேண்டும், அவன் வீட்டாரை வரவழைக்க வேண்டும். அது கஷ்டமான வேலை, கட்டணம் கட்டும் வீடு வேறு. அதனால் பார்க்கிறவனை விட்டுவிட்டுப் பார்க்கப்படுகிறவளுக்குக் கோட் தைத்தீர்கள். பகடியாக எழுத உட்கார்ந்த இந்தக் கடிதத்தில் இந்தப் பத்திக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆசிரியர் எப்படி வந்தாலும் சரி என்று நான் வாதாடவில்லை, ஐயா. கசங்கிய சட்டையோடு வகுப்புக்குள் நுழைகிறவரைப் பிள்ளைகள் முதல் நிமிடத்திலேயே எடை போட்டுவிடுவார்கள். சுத்தமாக, துவைத்து இஸ்திரி போட்டு, வேலைக்குத் தோதாக வர வேண்டும். இது கால் பக்கத்தில் அடங்கும். ஆண்களுக்கு அடங்கியதே.

சீருடை போடச் சொல்கிறவர்தான் துணியும் தர வேண்டும் என்பது இந்த மாநிலத்தில் புதிய செய்தி அல்ல. சத்துணவு சாப்பிடும் 1 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு ஆண்டுக்கு 4 செட் சீருடை இலவசமாகத் தருகிறது. நாங்கள் 4 கேட்கவில்லை.

ஆகவே, ஆசிரியைகள் சுடிதாரும் அணியலாம் என்று ஒரு வரி சேர்க்கவும், சீருடைப் புடவைக்காகச் சம்பளத்தில் பிடித்த முதல் தவணையைத் திருப்பித் தரவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இவை குழுவின் பரிசீலனைக்குப் போய்த் திரும்பி வர நாளாகும் என்பதால், ஓவர்கோட்டை மட்டுமாவது இந்தத் திங்கட்கிழமையிலிருந்து நிறுத்தி வையுங்கள். ஒன்றாம் வகுப்பு ‘இ’ பிரிவில் இரண்டு மின்விசிறிகளில் ஒன்று போன ஆண்டிலிருந்து ஓடவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒன்றாம் வகுப்பு மிஸ்.