57 தலைகளும் ஆட வேண்டும்

ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பின் நிரந்தரக் குழு, வியன்னாவின் ஹோஃப்பர்க் அரண்மனையில் வாரந்தோறும் கூடுகிறது. அமெரிக்கா முதல் வாடிகன் வரை 57 நாடுகள். எல்லாருக்கும் ஒரே எடை. வாக்கெடுப்பு கிடையாது. ஒருவரும் மறுக்காவிட்டால் முடிவு. ஒருவர் மறுத்தாலும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். எடுத்த முடிவும் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது என்பது கூடுதல் சலுகை.

1975-இல் இந்த அமைப்புக்கு வித்திட்ட ஹெல்சிங்கி உடன்பாடு முடியும் தறுவாயில், மத்தியதரைக் கடல் பற்றித் தன் வாசகம் இடம்பெற்றே ஆகவேண்டும் என்று குட்டி மால்டா அடம்பிடித்தது. வாஷிங்டனும் மாஸ்கோவும் கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்தன. அமைப்பின் 2024-ஆம் ஆண்டுத் தலைமைக்கு எஸ்டோனியா முன்வந்தபோது ரஷ்யா தலையாட்ட மறுத்தது. யார் கண்ணையும் உறுத்தாத நாடாகத் தேடித் தேடி, கடைசியில் நாற்காலியில் உட்கார வைத்தது மால்டாவைத்தான்!

2020 ஜூலையில் இன்னும் விசேஷம். அமைப்பின் ஊடகச் சுதந்திரப் பிரதிநிதி அதிகம் விமர்சிக்கிறார் என்று அஜர்பைஜானுக்கு வருத்தம். (விமர்சிக்கத்தான் அந்தப் பதவியே.) அவருக்கு நீட்டிப்பு இல்லையென்றால் மற்றவர்களுக்கும் இல்லை என்று வேறு சில நாடுகள். பொதுச்செயலாளர் உள்பட நான்கு உயர் பதவிகளும் ஒன்றாகக் காலி, நிரம்பியது டிசம்பரில்.

குற்றம் சாட்டப்பட்ட நாட்டின் சம்மதம் இல்லாமலே முடிவெடுக்கவும் ஒரு விதி உண்டு. 1992-இல் அதைக்கொண்டு யூகோஸ்லாவியாவை இடைநீக்கம் செய்தார்கள். அதற்குள் அந்த நாட்டில் பாதி பிரிந்துபோயிருந்தது.