பன்சித் ஒடிபடலம்: முத்தியால்பேட்டைச் சமையற்கட்டுச் சான்றுகளை முன்வைத்து

பிலிப்பைன்ஸ் நாட்டார் கிளறி உண்ணும் நூடுல்ஸ் பன்சித் எனப்படும். புதுச்சேரி வீடுகளில் இதைச் சமைப்பது பற்றி முன்னோர் யாரும் எழுதியிருக்கிறார்களா என்று அடியேன் தேடவில்லை. தேடினால் கிடைத்துவிடும் அபாயம் உண்டு.

முதலில் தொன்மை. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது ரோமானியச் சாடிச் சில்லுகள் கிடைத்தன, நூடுல்ஸ் கிடைக்கவில்லை. மட்கியிருக்கும் என்று கொள்வதே ஆய்வு நெறி. 1761 ஜனவரியில் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர், மறு ஆண்டே சென்னையிலிருந்து கப்பலேறிப் போய் மணிலாவையும் பிடித்தார்கள். கூடப் போன சிப்பாய்களில் சிலர் திரும்பி வராமல் காயிந்தா என்ற ஊரில் குடியேறினார்கள். வேர்க்கடலை அரைத்துவிட்ட காரே-காரே என்ற குழம்பு அவர்கள் கைப்பக்குவம் என்று ஒரு கதை அங்கே வழங்குகிறது. பன்சித்தும் நம்முடையதே என்று நிறுவ இனி ஒரு மாநாடும் நாலு பொன்னாடையும் போதும். சீனர் கொண்டுபோன பண்டம் அது என்ற உண்மைதான் குறுக்கே நிற்கிறது.

வகைகள்: கோதுமையில் செய்தது காண்டோன், அரிசியில் செய்தது பிஹோன். ஏனையவை ஏனையவற்றுள் அடங்கும்.

நமக்குள்ள மூலச்சுவடி ஒன்றே. அது அத்தையின் நோட்டு. சைகோனில் பிரெஞ்சு உத்தியோகம் பார்த்துத் திரும்பிய குடும்பங்களின் சாயோ என்ற பொரித்த சுருளின் பக்குவம் அதில் முன்பே ஏறியிருந்தது. கப்பலில் வேலை பார்க்கும் மருமகன், பிலிப்பினோ சமையற்காரரிடம் கேட்டுச் சொன்ன பன்சித்தும் பிறகு சேர்ந்தது (அத்தை நோட்டு, பால் கணக்குக்கு அடுத்த பக்கம்). அங்கேதான் சிக்கல். பிஹோனைச் சட்டியில் போடும் இடத்தில் "ஒடிக்க வேண்" என்பது வரை தெளிவாக இருக்கிறது. அதற்கு மேல் சோயா சாஸ் கொட்டியிருக்கிறது.

வேண்டுமா, வேண்டாமா? உரையாசிரியர்கள் இரு கட்சி. "வேண்டும்" என்போர் நம் வீட்டு வழக்கைக் காட்டுவர்: சேமியா பாக்கெட்டைப் பிரிக்கும் முன்பே இரண்டு கையாலும் பிடித்து நறநறவென்று நொறுக்குவதை இங்கே யாரும் சொல்லிக்கொடுத்துக் கற்பதில்லை (அத்தை நோட்டு, சேமியா உப்புமா, தலைகீழாக எழுதியது, பென்சில்). "வேண்டாம்" என்போர் தாயக வழக்கைக் காட்டுவர்: அங்கே பிறந்தநாளுக்குப் பன்சித் இல்லாமல் தீராது, இழை நீளமானால் ஆயுளும் நீளும் என்பது நம்பிக்கை. இடையில் ஒருவர், கறையையும் மூலத்தின் பகுதியாகவே கொள்ள வேண்டும் என்கிறார் (சித்தப்பா, வாய்மொழி, கிரைண்டர் ஓடும்போது, "மாவு தள்ளு" என்ற இடைச்செருகல் நீங்கலாக).

அத்தை உயிரோடுதானே இருக்கிறார், கேட்டுவிடலாமே என்பர் சிலர். மூல ஆசிரியரைக் கேட்பது ஆய்வு மரபன்று.

ஆகவே அடுப்பு. பிஹோனைப் பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடித்தாயிற்று. பூண்டு, வெங்காயம் வதக்கி, கோழித்துண்டு, கேரட், கோஸ் போட்டு, கோழி வேகவைத்த தண்ணீரும் சோயா சாஸும் விட்டுக் கொதித்ததும், ஒடிக்காத இழைகளை இறக்கி இரண்டு கரண்டியால் தூக்கித் தூக்கிப் போட்டதில், அத்தனை நீரையும் குடித்துக்கொண்டு பழுப்பேறி, இழை இழையாக நின்றது. ஒடித்துப் போட்ட பாதி அதே தண்ணீரில் அடியில் குவிந்து குழைந்தது. கலமான்சிப் பழத்துக்குப் பதில் எலுமிச்சை பிழியலாம், யாரும் மறுக்கவில்லை.

பிலிப்பைன்ஸின் லுக்பான் ஊரில் பன்சித்தை வாழையிலையில் வைத்து, கை படாமல் வாயாலேயே அள்ளித் தின்பார்கள். வாழையிலை கண்டதும், அவர்களும் தமிழரே என்று எழுதிவிடக் கை துறுதுறுத்தது; அதற்கென்று வேறு அறிஞர்கள் இருப்பதால் விட்டுவிட்டேன்.

தீர்ப்பு: "வேண்டாம்" என்பதே பாடம். ஒடித்துப் போட்டுவிட்டவர்கள் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து உப்புமா என்று சொல்லிக்கொள்ளலாம். அதில் ஆராய ஒன்றுமில்லை.